கதிரவன் பெயர் கொண்ட பணியாரம்

ஒரு நாட்டின் வரலாற்றை அறிய விழைவோர் கோட்டைகளையும் கல்வெட்டுக்களையும் ஆட்சியாளர் பெயர்களையும் நாடிச் செல்வது வழக்கம். அவை வேண்டப்படுவனவே. ஆயினும், மக்கள் நாள்தோறும் கையால் எடுத்து வாயிலிடும் சிறு பண்டங்களுக்கும் வரலாறு உண்டு. யார் எங்கிருந்து வந்தனர், எவற்றை விதைத்தனர், எதனைக் கொண்டாடினர், எதற்கு அஞ்சினர் என்பனவற்றையெல்லாம் ஒரு பணியாரம் தன் மடிப்புக்களுக்குள் பொதிந்து வைத்திருத்தல் கூடும். தைவான் தீவின் நடுப்பகுதியிலுள்ள தைச்சுங் நகரத்தில் செய்யப்படும் ‘தையாங் பிங்’ என்னும் பண்டம் அத்தகையது. ‘தையாங்’ என்பது கதிரவன். ‘பிங்’ என்பது மாவினால் தட்டையாகச் செய்யப்படும் பணியாரம். ஆகவே, அதனைக் கதிரவப் பணியாரம் எனத் தமிழில் வழங்கலாம்.

தைவான், சீனப் பெருநிலத்தின் தென்கிழக்குக் கரைக்கு அப்பால் ஒரு நீரிணையினால் பிரிக்கப்பட்டுக் கிடக்கும் தீவு. அதன் பரப்பு ஏறத்தாழ 36,000 சதுர கிலோமீற்றர். தீவின் முதுகெலும்பாக வடக்குத் தெற்காக உயர்ந்த மலைத்தொடர் செல்கின்றது. அத்தொடரின் மிகவுயர்ந்த சிகரமாகிய யூஷான் 3,952 மீற்றர் உயரமுடையது. மலைகளிலிருந்து மேற்கு நோக்கி இறங்கும் ஆறுகள் சமவெளியை வளப்படுத்துகின்றன. நெல்லும் கரும்பும் விளைவது அச்சமவெளியில். பெருநகரங்கள் எழுந்ததும் அங்கேயே. வடக்கிலுள்ள தைப்பேக்கும் தெற்கிலுள்ள காவ்சியுங்குக்கும் இடையில், நடு வழியில் அமைந்திருப்பது தைச்சுங். அதன் பெயரே ‘தைவானின் நடு’ என்று பொருள்படும். இந்த நடுநிலை அப்பணியாரத்தின் கதையில் பெரும் பங்கு கொண்டதாகும்.

பண்டத்தின் உருவத்தை முதலில் நோக்குதல் தகும். உள்ளங்கையில் அடங்குமளவு வட்டமான, சற்றே உப்பிய வெளிறிய பணியாரம் அது. மேற்பரப்பு இளமஞ்சள் நிறமுடையது. தொட்டால் உலர்ந்த இலைபோல நொறுங்கும். பிளந்து பார்த்தால், தாளினும் மெல்லிய ஏடுகள் ஒன்றன்மீது ஒன்றாக அடுக்கி வைத்தாற்போலத் தோன்றும். அவற்றின் நடுவில் ஒளி ஊடுருவும் ஒட்டுந்தன்மையுடைய இனிய பாகு சிறிதளவு இருக்கும். முதன்முறை உண்பவர் அதனைக் கடித்தவுடன் மடியெங்கும் துகள் உதிரக் கண்டு திகைப்பர். பழகியவர் ஒரு தட்டை மோவாயின் கீழ்ப் பிடித்துக்கொண்டே உண்பர். தேநீருடன் உண்பது பெருவழக்கு. பணியாரத்தைக் கிண்ணத்தில் இட்டு, கொதிநீர் ஊற்றிக் கரைத்துக் கஞ்சிபோலக் குடிப்பதும் உண்டு. பல் இழந்த முதியோருக்கும் பல் முளையாத குழந்தைகளுக்கும் அஃது ஏற்றதாயிற்று.

இவ்வாறு உதிரும் தன்மையைக் குறிக்கச் சீன மொழியில் ‘சூ’ என்னும் சொல் வழங்குகின்றது. அச்சொல்லின் வரலாறு சுவையானது. பண்டைக் காலத்தில் அது பாலினின்று எடுக்கப்பட்ட வெண்ணெய் போன்ற பொருளைக் குறித்தது. இந்தியாவிலிருந்து சென்ற பௌத்த நூல்களைச் சீனத்தில் மொழிபெயர்த்தோர், நெய்யைக் குறிப்பதற்கும் அச்சொல்லைக் கையாண்டனர். பின்னர், நெய்யும் கொழுப்பும் சேர்த்துச் செய்த பண்டங்கள் எய்தும் நொறுநொறுப்புக்கே அது பெயராயிற்று. பொருளைக் குறித்த சொல் பொருளின் பண்பைக் குறிப்பதாக மாறுதல் மொழிகளுக்கு இயல்பன்றோ!

ஏடுகள் எவ்வாறு உண்டாகின்றன என்பதை அறியாவிடின் அப்பணியாரத்தின் அருமை விளங்காது. வினைஞர் இருவகை மாவைத் தனித்தனியே பிசைகின்றார். ஒன்று கோதுமை மாவுடன் நீரும் சிறிது கொழுப்பும் சேர்த்துப் பிசைந்தது. அதனை மேல்மா எனலாம். நீர் சேர்வதனால் கோதுமையிலுள்ள பசைச்சத்து ஒன்றோடொன்று பின்னி, இழுத்தால் நீளும் தன்மையைப் பெறுகின்றது. மற்றையது, நீர் ஒரு துளியும் இன்றி, மாவுடன் கொழுப்பை மட்டும் சேர்த்துப் பிசைந்தது. அதனை உள்மா எனலாம். கொழுப்பு மாவின் மணிகளைப் போர்த்துவிடுவதனால் அங்கே பசைச்சத்துப் பின்னுவதில்லை. அது நீளாது, ஈரமணல் போல உதிரும். நீளும் மாவினுள் உதிரும் மாவைப் பொதிந்து, உருளையால் தட்டையாக்கி, பாய் சுருட்டுவதுபோலச் சுருட்டுவர். சிறிது நேரம் ஆறவிட்டு, திசை மாற்றி வைத்து, மீண்டும் தட்டையாக்கி, மீண்டும் சுருட்டுவர். ஒவ்வொரு சுருளிலும் ஏடுகளின் தொகை பெருகுகின்றது.

போறணையின் வெப்பத்தில் நிகழ்வது இதுவாகும். மேல்மாவிலுள்ள நீர் ஆவியாகி விரிய முயல்கின்றது. இடையிலுள்ள கொழுப்பு, ஓர் ஏடு மற்றை ஏட்டுடன் ஒட்டிக்கொள்ளாதவாறு தடுக்கின்றது. ஆவி ஏடுகளை விலக்கி மேலெழுப்புகின்றது. வெப்பம் அவற்றை அந்நிலையிலேயே உலரச் செய்கின்றது. மருந்தோ சோடா உப்போ நொதியோ சேராமலே பண்டம் உப்புவதன் காரணம் இதுவே. விதி எளிது, செயலோ எளிதன்று. உருளையை அழுத்தினால் உள்மா பிதுங்கி ஏடுகள் ஒன்றாகிவிடும். மெதுவாக உருட்டினால் தடித்து வேகாமல் நிற்கும். மாவை ஆறவிடும் பொழுதைக் குறைத்தால், நீட்டப்பட்ட மா மீண்டும் சுருங்கிக் கிழியும். வெயிற்காலத்தில் கொழுப்பு இளகும், குளிர்காலத்தில் இறுகும். எனவே, அளவுகளை ஏட்டில் எழுதி வைத்தாலும், நாளின் இயல்பை அறிந்து கையின் அழுத்தத்தை மாற்றும் பழக்கம் ஆண்டுக்கணக்கில் பயின்றோருக்கே வாய்க்கும்.

உள்ளிருக்கும் பாகுக்கும் ஒரு மரபு உண்டு. அது கருப்பஞ்சாற்றுச் சீனியினால் மட்டும் ஆனதன்று. கோதுமையை நனைத்து முளைக்கச் செய்து, அம்முளைகளை நறுக்கி, அவித்த ஒட்டரிசியுடன் கலந்து வைப்பர். முளையில் உண்டாகும் செரிபொருள் அரிசியின் மாச்சத்தை இனிப்பாக மாற்றுகின்றது. அச்சாற்றைப் பிழிந்து காய்ச்சினால் பொன்னிறமான முளைப்பாகு கிடைக்கும். சீனியைவிட அதன் இனிப்புக் குறைவு. நூலாக நீண்டு ஒட்டும் இயல்பு மிகுதி. போறணையில் அது உருகி ஓடிவிடாதபடி சீனித்தூளும் சிறிது மாவும் கொழுப்பும் கூட்டி உருண்டையாக்கி உள்ளே வைப்பர். கரும்பாலைகள் பெருகுமுன்னரே சீனத்து உழவர் வீடுகளில் அறியப்பட்டிருந்த இனிப்பு இது.

இனி, பணியாரம் பிறந்த இடத்துக்குச் செல்லலாம். தைவானின் மூத்த குடிகள் சீனர் அல்லர். ஆஸ்திரோனீசிய மொழிகளைப் பேசும் பழங்குடியினரே. ஒல்லாந்தர் 1624இல் தீவின் தெற்கில் நிலைகொண்டு, கரும்புச் செய்கையை ஊக்கினர். 1662இல் செங் செங்குங் என்னும் தளபதி அவர்களை வெளியேற்றினார். 1683இல் தீவு சிங் பேரரசின் கீழ் வந்தது. அதன் பின்னர், எதிர்க்கரையிலுள்ள பூஜியன் மாகாணத்திலிருந்தும், குவாங்துங் மாகாணத்திலிருந்தும் உழவரும் வணிகரும் பெருந்தொகையாகக் கடல் கடந்தனர். மேற்குக் கரையின் நடுவில் உள்ள லூகாங் துறைமுகம் அவர்கள் இறங்கிய இடங்களுள் ஒன்று. தெற்கிலுள்ள தைனான் நகரை முதலாவதாகவும் லூகாங்கை இரண்டாவதாகவும் எண்ணும் வழக்கு ஒன்று அக்காலத்தில் எழுந்தது என்றால், அத்துறையின் செல்வம் எத்தகையது என ஊகிக்கலாம். செல்வர் உள்ள இடத்தில் பணியார வினைஞருக்குப் பஞ்சமில்லை. லூகாங்கில் 1877இல் தொடங்கப்பட்ட ‘யூசென் சாய்’ என்னும் கடை, பூஜியனின் சுவான்சோ நகரத்திலிருந்து வினைஞரை வரவழைத்துப் பண்டங்கள் செய்வித்தது.

நெல் விளையும் அந்நாட்டில் கோதுமை அருமையானது. அரிசி அன்றாட உணவாக, கோதுமைப் பணியாரம் விழாவுக்கும் வழிபாட்டுக்கும் திருமணத்துக்கும் உரியதாயிற்று. மணவுறுதியின்போது மணமகன் வீட்டார் பெரிய வட்டப் பணியாரங்களைப் பெட்டி பெட்டியாக மணமகள் வீட்டுக்கு அனுப்புவர். மணமகள் வீட்டார் அவற்றைச் சுற்றத்தாருக்குப் பகிர்ந்து கொடுப்பர். அதனைப் பெறுவதே திருமண அழைப்பைப் பெறுவதாகும். தன் மணப் பணியாரத்தை மணமகள் உண்ணலாகாது என்னும் ஒரு நம்பிக்கையும் உண்டு. உண்டால் தன் நற்பேற்றைத் தானே உண்டவளாவாள் என்பர். ஊர் முழுவதும் சுவைக்க, அதற்குக் காரணமானவள் மட்டும் சுவையாதிருக்கும் அவ்வழக்கம் எண்ணத்தக்கது.

தைச்சுங்கின் வடக்கே பெங்யுவான் என்னும் பட்டினமும், அதன் அயலிலே ஷென்காங் என்னும் ஊரும் உள்ளன. பெங்யுவானின் பழம்பெயர் ஹூலுதுன். அங்கு விளைந்த அரிசி யப்பானியர் காலத்தில் தீவெங்கும் பெயர் பெற்றிருந்தது. 1920இல் யப்பானியர் ‘வளமான சமவெளி’ என்று பொருள்படும் இப்போதைய பெயரை இட்டனர். நிலவளமும் நீர்வளமும் கோயில் விழாக்களும் கூடிய அவ்வட்டாரம் பணியாரக் கடைகளுக்குத் தாயகமாயிற்று. ஷென்காங்கின் ஷெகோ என்னும் பகுதியில் 1894இல் ‘லீ ஜி’ என்னும் கடை தொடங்கியது; கூதிர்காலத்து முழுமதி விழாவுக்குச் செய்யப்படும் பாசிப்பயற்றுப் பணியாரத்தால் அது புகழ்பெற்றது. அதே ஷெகோவில் லின் குடும்பத்தார் முளைப்பாகு பொதிந்த பணியாரத்தைச் செய்து வந்தனர். அதுவே கதிரவப் பணியாரத்தின் தாய் எனக் கருதப்படுகின்றது. அருகிலுள்ள தாயா என்னும் ஊர் தைவானிலே கோதுமை பயிரிடப்படும் மிகச் சில இடங்களுள் ஒன்று என்பதும் இங்கே நினைக்கத்தக்கது.

சிற்றூரின் பண்டம் நகரத்தின் சின்னமாவதற்கு ஒரு வாயில் வேண்டும். அவ்வாயிலைத் திறந்தது புகையிரதம். 1895இல் சிங் அரசு தைவானை யப்பானுக்குக் கையளித்தது. யப்பானியர் கரும்பாலைகளையும் இருப்புப்பாதைகளையும் அமைத்தனர். தெற்கிலே சியாவ்தோ என்னும் இடத்தில் முதலாவது புதுமுறைக் கரும்பாலை 1902இல் இயங்கத் தொடங்கியது. வடக்கையும் தெற்கையும் இணைக்கும் நெடும்பாதை 1908இல் நிறைவெய்தியது. நிறைவு விழா எங்கே நடந்தது? தலைநகரிலன்று, பாதையின் நடுவிலுள்ள தைச்சுங் பூங்காவில் நடந்தது. அவ்விழாவுக்கெனக் குளத்தின் மீது கட்டப்பட்ட இரட்டைக் கூரை மண்டபம் இன்றும் அந்நகரின் அடையாளமாக விளங்குகின்றது. அதுமுதல், வடக்கே செல்வோரும் தெற்கே செல்வோரும் தைச்சுங்கைக் கடந்தே செல்லலாயினர்.

கடந்து செல்பவர் வெறுங்கையோடு வீடு சேரலாகாது. பயணம் போய்த் திரும்புவோரும் பிறர் இல்லம் செல்வோரும் கொண்டு செல்லும் பண்டத்துக்குத் தைவான் மக்கள் ‘கைத்துணை’ என்று பொருள்படும் பெயரொன்றை வைத்துள்ளனர். பெரியோரைக் காணச் செல்பவர் கொண்டு செல்லும் பொருளைக் ‘கையுறை’ என்று பண்டைத் தமிழ் நூல்கள் கூறுவதை அறிந்தோருக்கு இச்சொல்லின் நயம் எளிதில் விளங்கும். கைத்துணைக்கு மூன்று பண்புகள் வேண்டும். பலநாள் கெடாதிருத்தல் வேண்டும். விலை எட்டக்கூடியதாதல் வேண்டும். அதனைக் கண்டவுடன் எவ்வூரிலிருந்து வந்தது என்பது தெரிதல் வேண்டும். ஈரமற்ற ஏட்டுப் பணியாரத்துக்கு முதலிரண்டும் இயல்பாகவே வாய்த்திருந்தன. மூன்றாவதை அதற்குக் கொடுத்தது ஒரு கடை.

1945இல் யப்பானியர் ஆட்சி முடிந்தது. 1950களில் ஷெகோ லின் குடும்பத்தைச் சேர்ந்த லின் ஷாவ்சுங் என்பவர் தைச்சுங் புகையிரத நிலையத்துக்கு அணித்தான ஒரு வீதியில் ‘தையாங் தாங்’, அதாவது ‘கதிரவன் மண்டபம்’ என்னும் கடையை நடத்தலானார். அவ்வீதியின் பெயர் ‘சுதந்திர வீதி’ என்று பொருள்படுவது. கடையின் வினைஞர் வெய் சிங்ஹாய். மக்கள் அவரை ‘ஆமிங் ஆசான்’ என்று அன்புடன் அழைத்தனர். ஊர்ப்புறத்து முளைப்பாகுப் பணியாரத்தை அவர் மேலும் மென்மையாக்கினார், ஏடுகளை நுண்ணிதாக்கினார், இனிப்பை அளவுபடுத்தினார். கடையின் பெயரிலிருந்தே பண்டம் கதிரவப் பணியாரம் எனப் பெயர் பெற்றது என்று பொதுவாகக் கூறப்படுகின்றது.

காலமும் துணை நின்றது. 1951 முதல் 1965 வரை ஐக்கிய அமெரிக்கா தைவானுக்குப் பொருளுதவி அளித்தது. அவ்வுதவியின் வழியே கோதுமை கப்பல் கப்பலாக வந்து இறங்கியது. விழாவுக்கு மட்டும் உரியதாயிருந்த கோதுமை மா அன்றாடப் பொருளாயிற்று. ஆகவே, ஒரு பணியாரத்துள் எத்தனை நிலங்கள் கூடியுள்ளன என எண்ணிப் பார்க்கலாம். கைத்திறன் பூஜியன் கரையது, சீனி ஒல்லாந்தரும் யப்பானியரும் வளர்த்த கரும்பினது, மா கடலுக்கப்பாலிருந்து வந்தது, வழி இருப்புப்பாதையினது. இவையனைத்தையும் ஒன்றாகச் சுருட்டி ஏடாக்கியவர் தைச்சுங் மக்கள்.

பண்டத்தின் புகழ் பரவவே, அதே வீதியிலும் பிற வீதிகளிலும் புதிய கடைகள் எழுந்தன. ஒவ்வொன்றும் கதிரவன் பெயரைத் தாங்கியது. ஒவ்வொன்றும் தானே மூலக்கடை என்றது. பண்டத்தின் பெயரை ஒருவரும் தமக்கே உரிய வணிகக் குறியாக்கிக்கொள்ளாமையால், அது எல்லார்க்கும் பொதுவாயிற்று. இது நட்டமா, ஊதியமா என்பது ஆராயத்தக்கது. முதலில் உழைத்தவருக்கு அது நட்டமே. பிறர் அவருடைய நிழலில் நின்று பொருளீட்டினர். தரம் குறைந்த பண்டமும் நற்பெயரின் கீழ் விற்கப்பட்டது. ஆயினும், ஒரு கடையின் பண்டமாக இருந்தது ஒரு நகரத்தின் பண்டமாக வளர்ந்ததும் அவ்வாறு பெயர் திறந்து கிடந்தமையாலேயே. ஒருவருடைய உரிமை காக்கப்பட்டிருப்பின், ஊருடைய மரபு ஒருவேளை உண்டாகியிராது.

அக்கடையின் சுவரிலே நிகழ்ந்த ஒரு செய்தி, பணியாரத்தின் கதையை நாட்டின் கதையோடு பிணைக்கின்றது. 1960களில் கடையின் உட்சுவரை அணிசெய்யும் பணி ஓவியர் யென் ஷுயிலுங்கிடம் ஒப்படைக்கப்பட்டது. 1903இல் தைனான் பகுதியில் பிறந்த அவர், தோக்கியோவிலும் பாரிசிலும் ஓவியம் பயின்றவர். யப்பானில் பற்பொடி விளம்பரங்களுக்கும் சித்திரம் வரைந்தவர். தைவான் மக்களின் பாய் முடைதல், மூங்கிற் பின்னல் முதலிய கைவினைகளைக் கலையென மதித்துப் போற்றியவர். கதிரவன் பெயர் கொண்ட கடைக்குக் கதிரவனை நோக்கும் மலரே பொருத்தம் எனக் கருதிப்போலும், சிறு நிறவோட்டுத் துண்டுகளைப் பதித்துச் சுவர் நிறையச் சூரியகாந்தி மலர்களை மலர்வித்தார்.

அக்காலத் தைவானில் இராணுவச் சட்டம் நிலவியது. 1949 மே 20இல் நடைமுறைக்கு வந்த அச்சட்டம் 1987 யூலை 15இல் நீக்கப்படும்வரை 38 ஆண்டுகள் நீடித்தது. கருத்து வேறுபட்டோர் சிறையிலிடப்பட்டனர், பலர் உயிரிழந்தனர். அந்நாளில் சீனப் பெருநிலத்தில் மா சேதுங்கைக் கதிரவனாகவும் மக்களை அவரை நோக்கும் சூரியகாந்தியாகவும் தீட்டுவது பரப்புரை வழக்கு. எனவே, சுவரிலிருந்த மலர் ஐயத்துக்குரியதாயிற்று. பணியாரக் கடையில் மலர்ந்த மலர் அரசுக்கு எதிரான அடையாளமாகப் பொருள்கொள்ளப்படலாயிற்று. ஓவியம் மறைக்கப்பட்டது. இராணுவச் சட்டம் நீங்கிய பின்னரே அது மீண்டும் ஒளியைக் கண்டது. சுதந்திரத்தின் பெயரைத் தாங்கிய வீதியில், கதிரவனின் பெயரைத் தாங்கிய கடையில், ஒரு மலர் பல்லாண்டுகள் இருளில் நின்றது. அதன் எதிரே நாள்தோறும் மக்கள் பணியாரம் வாங்கிச் சென்றனர்.

காலம் மாறிற்று. 2014 மார்ச் 18 முதல் ஏப்பிரல் 10 வரை, சீனாவுடனான ஓர் வாணிக உடன்படிக்கையை எதிர்த்து மாணவர் தைவான் சட்டமன்றத்தினுள் அமர்ந்திருந்தபோது, அவர்களுடைய இயக்கத்துக்குச் சூரியகாந்தியே பெயராயிற்று. ஒரு தலைமுறைக்கு முன் எதிரியின் மலர் என அஞ்சி மறைக்கப்பட்டது, அடுத்த தலைமுறையின் கையில் மறுதலையான பொருளைப் பெற்றது. மலர் மாறவில்லை, அதனை நோக்கிய கண்களே மாறின.

கதிரவப் பணியாரம் தனித்து நிற்பதன்று. அதற்கு உடன்பிறப்புக்கள் உண்டு. தைச்சுங்குக்குத் தெற்கேயுள்ள சியாயி நகரம், ஆலிஷான் மலைக்குச் செல்லும் காட்டுப் புகையிரதப் பாதையின் வாயில். 1912இல் தொடங்கிய அப்பாதை வழியே மரங்கள் இறங்கி வந்து அந்நகரைச் செழிக்கச் செய்தன. அங்கே ‘பாங்குவாய் சூ’ என்னும் சதுர விசுக்கோத்து ஊரின் கைத்துணையாக விளங்குகின்றது. அதற்கு உட்பொதி இல்லை. மாவைச் சுருட்டாமல் மடிக்கின்றனர். மூன்றாக மடித்தால் 3 படை. மீண்டும் மூன்றாக மடித்தால் 9. மேலும் ஒருமுறை மடித்தால் 27. மூன்றே செயலில் இருபத்தேழு படை உண்டாகும் இக்கணக்கைப் பள்ளிப் பிள்ளைகளும் ஒரு தாளை மடித்து அறிந்துகொள்ளலாம். எள்ளுத் தூவி, சிறிது உப்பும் சீனியும் சேர்த்து, நன்கு சிவக்கச் சுடப்படும் அவ்விசுக்கோத்து, கதிரவப் பணியாரம்போல உதிர்வதில்லை. கடிக்கும்போது ஓசையுடன் முறியும்.

வடகிழக்கிலுள்ள யிலான் வட்டாரத்தில் ‘மாட்டு நாக்கு’ என்னும் விசுக்கோத்து உண்டு. நீண்டு, தாள்போல் மெலிந்து, நடுவில் ஒரு கீறலுடன் காணப்படுவது அது. குழந்தைக்கு நான்கு மாதம் நிரம்பும்போது, வாய்நீர் வடிதல் நிற்கவேண்டும் என வாழ்த்தி, விசுக்கோத்துக்களை நூலில் கோத்துக் கழுத்தில் அணிவிக்கும் சடங்கு தைவானில் உண்டு. யிலான் பண்டத்தை அச்சடங்கோடு தொடர்புபடுத்திக் கூறுவோர் உளர். லூகாங்கிலும் மாட்டு நாக்கு என்னும் பெயரில் ஒரு பணியாரம் உண்டு. ஆயின், அது தடித்து மென்மையாய், உள்ளே முளைப்பாகு பொதிந்தது. பெயர் ஒன்று, பொருள் வேறு. மலைகள் இடைநின்று பிரித்த இரு வட்டாரங்கள் ஒரே பெயரை எவ்வாறு தம் போக்கில் வளர்த்தன என்பதற்கு அஃது எடுத்துக்காட்டு.

பாதை வாழ்வித்த பண்டத்தைப் பாதை மாற்றமே சோதிக்கவும் செய்தது. 1978இல் வடக்குத் தெற்கு விரைவு நெடுஞ்சாலை நிறைவெய்தியது. மக்கள் புகையிரத நிலையத்தில் இறங்காமலே பயணம் செய்யலாயினர். 2007இல் அதிவேகப் புகையிரதம் ஓடத் தொடங்கியது. தைச்சுங்குக்குரிய அதன் நிலையம் பழைய நகரிலிருந்து விலகி வூரி என்னும் இடத்தில் அமைந்தது. நகரின் செல்வம் மேற்கே பெயர்ந்தது. பழைய நிலையத்தைச் சூழ்ந்த வீதிகள் பொலிவிழந்தன. 2012இல் சுதந்திர வீதியிலிருந்த அப்பழைய கடை மூடப்பட்டபோது, அச்செய்தி நாடெங்கும் பேசப்பட்டது. பொதுவான பெயர் எல்லாரையும் வாழ்வித்தது. பெயரைத் தந்த கடையின் கதவு அடைபட்டது. பிற கடைகள் பணியாரத்தைத் தொடர்ந்து செய்து வந்தமையால் பண்டம் அழியவில்லை. எனினும், பெற்ற தாயின் வீட்டைப் பூட்டியதுபோன்ற உணர்ச்சி பலருக்கு உண்டாயிற்று.

அதன் பின்னர், 1909இல் மருந்துக்கடையாகக் கட்டப்பட்ட ‘சுவான்ஆன் தாங்’ என்னும் செங்கற் கட்டடம் புதுக்கப்பட்டு, கதிரவப் பணியாரத்துக்குரிய காட்சியகம் ஆயிற்று. பிள்ளைகள் தம் கையாலே மாவைச் சுருட்டிப் பழகவும் அங்கு ஒழுங்கு செய்யப்பட்டது. செய்பொருளிலும் மாறுதல்கள் வந்துள்ளன. முன்னர் பன்றிக் கொழுப்பே இன்றியமையாததெனக் கருதப்பட்டது. மரக்கறி உண்போர் பொருட்டும் மணத்தின் பொருட்டும் வெண்ணெயைச் சேர்ப்போர் இப்போது பலர். ‘சூ’ என்னும் சொல் தன் பழம் பொருளாகிய வெண்ணெய்க்கே திரும்பிவிட்டது போலும்! தேன், கறுப்புச் சீனி முதலியன சேர்த்த புதுச் சுவைகளும் தோன்றியுள்ளன. பழமையை விரும்புவோர் இவற்றைக் கண்டு முகஞ்சுளிப்பர். ஆனால், ஷெகோவின் பணியாரத்தை மாற்றியமைத்த ஆமிங் ஆசானும் தம் காலத்தில் புதுமை செய்தவரே என்பதை மறத்தல் ஆகாது.

மாற்றத்தினும் அஞ்சத்தக்கது ஒன்று உண்டு. பொறிகள் மாவைப் பிசையலாம், பெட்டியில் அடைக்கலாம். நாளின் வெம்மைக்கேற்ப அழுத்தத்தை மாற்றும் கையறிவு, ஒருவர் அருகில் ஒருவர் நின்று பல்லாண்டுகள் பார்த்துப் பழகுவதனால் மட்டுமே கைமாறும். விடியுமுன் எழுந்து போறணையின் முன் நின்று உழைக்க இளைஞர் முன்வராவிடில், பெயரும் பெட்டியும் எஞ்ச, ஏடுகள் மறைந்துபோகும். கடையைக் காப்பது வணிகரின் கடமையாகலாம். கட்டடத்தைக் காப்பது அரசின் கடமையாகலாம். கையைக் காப்பது கற்கும் மாணவன் ஒருவன் இருந்தால் அன்றி எவராலும் இயலாது.

ஒரு நகரத்தார் தம்மை எதனால் அறிமுகஞ் செய்துகொள்கின்றனர் என்பது சிறிய வினாவன்று. தைச்சுங் மக்கள் தூரத்து உறவினரைக் காணச் செல்லும்போது எடுத்துச் செல்வது மாவும் கொழுப்பும் பாகுமன்றி வேறன்று. அரசுகள் மாறின, கொடிகள் மாறின, வீதிப் பெயர்கள் மாறின, ஒரு மலரின் பொருளும் மாறிற்று. பிசைந்து, ஆறவிட்டு, சுருட்டி, மீண்டும் ஆறவிடும் அப்பொறுமை மட்டும் ஒரு கையிலிருந்து மற்றொரு கைக்குச் சென்றது. பணியாரத்தை உண்டு முடித்த பின்னர் தட்டில் உதிர்ந்து கிடக்கும் ஏடுகளை அந்நாட்டு முதியோர் வீசிவிடுவதில்லை. விரல் நுனியால் ஒற்றி எடுத்து வாயிலிடுவர், அன்றேல் கிண்ணத்தில் இட்டு வெந்நீர் ஊற்றுவர். மெல்லியன எளிதில் உதிரும். உதிர்ந்தவற்றைச் சேர்த்தெடுக்கும் கை உள்ளவரை அவை வீணாவதில்லை.